பிள்ளையின் கையில் ஒரு சுத்தியல்

எமது கோயில்களிலுள்ள புனித சூசையப்பர் சுரூபங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கையில் பாலன் யேசு இருப்பார். மறு கையில் லீலி மலர் இருக்கும். ஒரு சில சுரூபங்களில் மாத்திரமே மூலைமட்டமோ வாளோ காணப்படும். லீலி மலர் அவருடைய கற்பின் அடையாளம். அதிற் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் நாசரேத்தூர் மக்கள் அவரை அறிந்திருந்தது அவருடைய தொழிலைக் கொண்டே.

அந்த ஊரவர்கள் செபக்கூடத்திலே யேசுவின் போதனையைக் கேட்டு வியந்தார்கள். வியந்தவர்களே அடுத்த கணம் அவரை ஏற்க மறுத்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களுள் முதலாவது, இவர் ஒரு தச்சன் என்பது. மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் தச்சனுடைய மகன் என்கிறார்கள். கிரேக்க மூலத்திலுள்ள 'தெக்தோன்' என்னும் சொல் மரத்தில் மாத்திரமன்றி, கட்டட வேலையிலும் கைதேர்ந்த தொழிலாளியைக் குறிக்கும். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சியாகிய புனித யுஸ்தீன், ஆண்டவர் கலப்பைகளும் நுகத்தடிகளும் செய்தார் என எழுதிவைத்திருக்கிறார். யுஸ்தீன் கலிலேயாவுக்கு அயலிலுள்ள சமாரியாவிற் பிறந்தவர். மாட்டின் கழுத்தை உரசாதபடி நுகத்தடியைச் செதுக்கிய கை, பின்னாளில் 'என் நுகம் எளிது' என்று பேசியவரின் கை என்பதை நினைக்கையில் உள்ளம் நெகிழ்கிறது அல்லவா?

பெற்றோரே, இதனை இங்கு எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாசரேத்தூரவரின் அந்த ஏளனக் குரல் எமது வீடுகளிலும் கேட்கின்றது. "ஒழுங்காய்ப் படி, இல்லாட்டித் தச்சு வேலைக்குத்தான் போவாய்!" என்று பிள்ளையை வெருட்டாத வீடு எத்தனை? இந்த வார்த்தைக்குள் சாதி அகந்தையும் ஒளிந்திருப்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. மே மாதம் 1ஆந் திகதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்தியது 1955இல். அன்று கோயிலில் அவருக்குப் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்து, அவருடைய தொழிலின் பெயரை வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறோம். 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தபோது மரவேலையும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. அம்முயற்சி நீடிக்கவில்லை. பாடசாலை கைவிட்டதை வீடு எடுத்துச் செய்யலாம். அதற்கு எவருடைய சுற்றுநிருபமும் தேவையில்லை.

ஆகவே இவ்வாரப் பாடத்தை விறாந்தையிலே, ஒரு சாக்கை விரித்து, ஒரு பலகைத் துண்டோடு நடத்துவோம்.

முதலில் ஓர் ஓவியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பாரிஸ் நகரிலுள்ள லூவர் அரும்பொருட்சாலையில், பிரான்சிய ஓவியர் ஜோர்ஜ் டி லா தூர் 1640களில் தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. இரவு நேரம். சூசையப்பர் குனிந்து நின்று, தடித்த மரமொன்றைத் துறப்பணத்தால் துளையிடுகிறார். எதிரே சிறுவன் யேசு மெழுகுதிரியைப் பிடித்திருக்கிறார். சுடர் அணையாதபடி மறு கையால் மறைக்கிறார். வெளிச்சம் அந்தச் சிறு விரல்களினூடே சிவப்பாய்த் தெரிகிறது. சிறுவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை விளக்குப் பிடிப்பதுதான். அந்த வெளிச்சம் இல்லாவிடில் தந்தையின் வேலை நடக்காது. மின்சாரம் இல்லாத இரவுகளில் அப்பா சைக்கிளைத் திருத்தும்போது விளக்குப் பிடித்து, "இஞ்சை பிடி, அங்கை பார்க்காதை" என்று ஏச்சு வாங்கி வளர்ந்தவர்கள் நம்முள் பலர். எனவே அந்த ஓவியம் எமக்கு அந்நியமானதன்று.

சிறு பிள்ளைக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த ஓவியமே விடை தருகிறது. உண்மையான வேலையில் உண்மையான ஒரு பங்கைக் கொடுக்கவேண்டும். அப்பா ஒரு புறம் வேலை செய்ய, பிள்ளைக்கு மறுபுறம் ஒரு பிளாஸ்ரிக் சுத்தியலைக் கொடுத்து விளையாட விடுவதால் பயனில்லை. பிள்ளைகள் இதனை வெகு விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை தேய்க்கலாம், பசை பூசலாம், ஆணிகளை அளவுவாரியாய்ப் பிரித்து வைக்கலாம். ஆறு, ஏழு வயதில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறவும் ஆணி அடிக்கவும் முடியும். எட்டு வயதுக்கு மேல், பெரியவர் பலகையை இறுகப் பிடித்திருக்க, வாளை இழுக்கப் பழக்கலாம். உளியும் கத்தியும் பெரியவர்களின் கையில் மாத்திரமே இருக்கவேண்டும். இவ்விடயத்தில் பிள்ளையின் கண்ணீருக்கு இரங்கவேண்டாம்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. 8 அவுன்சு அளவான சிறு சுத்தியல், இரும்பு அறுக்கும் வாள், குறடு, அடிமட்டம், பென்சில், கைத்துறப்பணம் என்பன போதும். இரும்பு அறுக்கும் வாள் எதற்கென்று கேட்பீர்கள். மரவாளின் பல் பெரிது. மெல்லிய சட்டத்தில் அது சிக்கிக் குதிக்கும். சிறு பல்லுள்ள இரும்பறுக்கும் வாள் மெதுவாய் அறுத்தாலும் பிள்ளையின் கைக்கு அடங்கி நடக்கும். அரத்தாளில் 80ஆம் இலக்கமும் 120ஆம் இலக்கமுமாக ஒவ்வொன்று வாங்குங்கள். 80 கரடு, 120 மென்மை. முதலில் கரடு, பின்னர் மென்மை. மரத்தின் நார் ஓடும் திசையில் தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். பிள்ளைக்கு இதனைச் சொல்லி விளங்கப்படுத்துவது கடினம். பூனையின் முதுகைத் தடவுவது போல என்று சொல்லுங்கள், விளங்கிவிடும்.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. எமது வளவுகளில் தாராளமாய்க் கிடைப்பது பனை. ஆனால் பனஞ்சட்டம் பிள்ளைகளுக்கு ஆகாது. அதன் கறுத்த நார்கள் ஊசிபோலச் சிராம்பாய் ஏறும். வைரமோ வாளையே மழுங்கடிக்கும். முதிரையும் பாலையும் அருமையான மரங்கள், ஆனால் பெரியவர்களுக்கே கை நோகும். வேலியிலுள்ள முருக்கங்கதியால் மென்மையானது, ஆணி அடித்துப் பழகத் தகுந்தது. பூவரசங்கொப்பு சற்று வலியது, குடில் செய்ய நல்லது. மரக்காலையில் வெட்டி எறிந்த துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். அங்கு போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். ஒவ்வொரு மரத்தையும் மணந்து பார்க்கட்டும். வேம்பின் மணமும் தேக்கின் மணமும் வேறென்று அறிவதும் ஒரு கல்விதான். அங்கு வேலை செய்பவரிடம் பெயர் கேட்டு, "ஐயா" என்று மரியாதையாய்க் கதைக்கப் பழக்குங்கள்.

விலக்கவேண்டிய மரங்களும் உண்டு. கடலோரச் சேற்றில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இறக்குமதிப் பொருட்கள் வரும் மரத்தட்டுப் பலகைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் சூடு வைத்த குறி ஒன்று இருக்கும். 'எச்.ரி.' எழுத்துகள் இருந்தால் வெப்பமூட்டிக் கிருமி நீக்கியது, பயன்படுத்தலாம், 'எம்.பி.' இருந்தால் மெதைல் புரோமைட் என்னும் நஞ்சு வாயு ஊட்டியது, வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். பழைய கதவு, யன்னல்களில் பூசிய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அவற்றைப் பிள்ளை தேய்த்துத் தூளைச் சுவாசிக்க விடலாகாது. உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டைக் குடிலுக்குக் கூரையாக வெட்டுவதும் கூடவே கூடாது. பனையோலை இருக்க அது எதற்கு?

இனிப் பயிற்சிக்கு வருவோம். ஆணி அடிக்கப் பழக்குவதற்கு எமது நாட்டில் கைவசமுள்ள சிறந்த பொருள் வாழைக்குற்றி. குலை வெட்டியபின் கிடக்கும் தண்டில் ஓரடித் துண்டு எடுத்து நிலத்தில் வையுங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் தட்டலுக்கும் ஆணி இறங்கும். இரண்டு நாள் அதில் அடித்து அலுத்தபின் முருக்கங்கட்டைக்கு மாற்றுங்கள். விரலில் அடி விழும் என்ற பயம் இருந்தால், ஆணியைப் பழைய சீப்பின் பற்களுக்கிடையில் செருகிப் பிடிக்கச் செய்யுங்கள்; அல்லது உடுப்புக் கொடியில் மாட்டும் கவ்வியால் பிடிக்கலாம். மெல்லிய சட்டம் ஆணியாற் பிளக்காதிருக்கத் தச்சர்கள் கையாளும் உபாயம் ஒன்றுண்டு. ஆணியின் கூரை முதலில் கல்லில் வைத்து மெல்லத் தட்டி மழுங்கச் செய்வார்கள். கூரான ஆணி நாரை ஆப்புப் போல விலக்கிப் பிளக்கும். மழுங்கியது நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும். பிள்ளையிடம் இரண்டு வகையிலும் ஒரே சட்டத்தில் அடித்துக் காட்டுங்கள். விஞ்ஞான பாடம் தானாக வந்துசேரும்.

வெறுங்காலோடு வேலைக்கு இருத்தவேண்டாம். வேலை முடிந்ததும் ஆணிகளைப் பொறுக்குவது பிள்ளையின் கடமையாகட்டும். பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தால் அதனை விளையாட்டாகவே செய்வார்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதனை மறந்தால் விபரீதம். துருப்பிடித்த ஆணி குத்தினால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாமல், காயத்தைக் கழுவி, வைத்தியசாலையிற் காட்டி, ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள்.

முதலாவதாக, வீட்டுப் பீடத்தில் வைக்கும் ஒரு சிலுவையைச் செய்வோம். ஓரங்குல அகலமும் அரை அங்குலத் தடிப்புமுள்ள சட்டத்தில் 9 அங்குலத் துண்டொன்றும் 6 அங்குலத் துண்டொன்றும் அறுத்துக்கொள்ளுங்கள். இரு துண்டுகளையும் முதலில் பிள்ளை தேய்க்கட்டும். பின்னர் நீண்ட துண்டின் மேல் நுனியிலிருந்து இரண்டரை அங்குலத்தில் ஒரு கோடும் மூன்றரை அங்குலத்தில் ஒரு கோடும் கீறுங்கள். குறுகிய துண்டிலும் ஒரு நுனியிலிருந்து அதே இரண்டரை, மூன்றரை. இரண்டு துண்டுக்கும் அளவு ஒன்றுதான் என்பதால் பிள்ளை தவறவிடாது. இந்தக் கோடுகளுக்கிடையில் இரு துண்டிலும் பாதித் தடிப்பை, அதாவது கால் அங்குல ஆழத்தை, எடுத்துவிடவேண்டும். கோடுகளின் உட்புறமாய் இரண்டு வெட்டும் நடுவில் இரண்டு வெட்டுமாக வாளால் கால் அங்குலம் மட்டும் இறக்கி, எஞ்சியதை அப்பா உளியால் தட்டி எடுக்கலாம். இப்போது ஒன்றையொன்று குறுக்கே வைத்து அமத்தினால் இரண்டும் ஒரே தளத்திற் படியும். படியாவிட்டால் அரத்தாளைச் சிறு குச்சியிற் சுற்றிப் பள்ளத்தைத் தேயுங்கள். இறுக்கமாய் இருப்பது நல்லது. தளர்வாய்ப் போனால் திருத்துவது கடினம். மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை பூசி, நூலாற் சுற்றிக் கட்டி, மறுநாள் வரை தொடாமல் வையுங்கள். அந்த ஒரு நாள் காத்திருப்புத்தான் பிள்ளைக்கு இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி.

அடிப்பீடத்துக்கு 4 அங்குல நீளம், 3 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பில் ஒரு துண்டு வேண்டும். அதன் நடுவில் துளையிட்டு, சிலுவையின் கீழ் நுனியிலும் மெல்லிய துளையொன்று இட்டு, அடியிலிருந்து ஒன்றரை அங்குலத் திருகாணியை முறுக்குங்கள். துளையிடாமல் முறுக்கினால் சட்டம் வெடிக்கும். கடைசியாய்த் துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூச, மரத்தின் நிறம் எழும்பும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையானால் இத்தனையும் வேண்டாம். இரண்டு பூவரசங்குச்சிகளைக் குறுக்கே வைத்துத் தும்புக் கயிற்றாற் கட்டினாலே போதும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பிள்ளை கட்டிய சிலுவை பெரும்பாலும் கோணலாகத்தான் இருக்கும். பிள்ளை நித்திரையானபின் அதனைக் கழற்றித் திருத்தி வைக்கும் தந்தையர் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் காலையில் பிள்ளை பார்த்தவுடனே அறிந்துகொள்ளும், இது தன்னுடையதல்ல என்று. அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டாலும் விறாந்தைக்கு வராது. "அப்பா, இது சரிஞ்சு நிக்குது" என்று பிள்ளையே சொன்னால், "ஓம் மோனே, எப்பிடி நிமித்தலாம், பாப்பம்" என்று அதனோடு குந்தியிருந்து செய்யுங்கள். பிள்ளை சொல்லாவிட்டால் கோணலாகவே பீடத்தில் வைத்து, அன்றிரவு அதன் முன்னே குடும்பச் செபமாலை சொல்லுங்கள். பளிங்குச் சுரூபங்களை அலுமாரிக்குள் வைக்க நேர்ந்தாலும் பாதகமில்லை.

பெண்பிள்ளைக்கு இது எதற்கென்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். மகளை அழைத்து ஒருமுறை அரத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். தந்தை அருகில் இல்லாத வீடுகளும் எம்மிடையே பல. 2009இல் முடிவுற்ற போர் எத்தனையோ தந்தையரைக் கொண்டுபோயிற்று. பிழைப்புக்காகக் கடல் கடந்தோர் வேறு. அந்த வீடுகளில் தாயே இதனைச் செய்யலாம். சுத்தியல் தாயின் கைக்குப் புதிதன்று. மாமாவும் பேரனாரும் இருக்கிறார்கள். ஞானத்தந்தையர் என்ன செய்கிறார்கள்? திருமுழுக்கன்று சங்கிலி போட்டதோடு கடமை முடிந்ததென்று எண்ணும் ஞானத்தந்தையருக்கு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை நல்ல பிராயச்சித்தமாக இதனைப் பரிந்துரைக்கிறோம்.

சிலுவை முடிந்தால் சிறு வண்டியொன்று செய்யலாம். நுங்குக் கோம்பையில் வண்டி செய்யத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கொப்பை வட்டமாய் அறுத்துச் சில்லு பூட்டுவது பெரிய காரியமல்ல. அதற்கு எமது விளக்கம் தேவைப்படாது.

நத்தாருக்கான பாலன் குடிலைத்தான் அடுத்து முக்கியமாய்ச் சொல்லவேண்டும். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சியோ என்னும் ஊரில் ஏற்பாடு செய்த குடிலில் சுரூபங்கள் இருக்கவில்லை. தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு காளை, ஒரு கழுதை, அவ்வளவுதான். அதன்மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. திருநாளுக்கு ஏறக்குறைய 15 நாட்கள் முன்னரே அவ்வூர்ப் பிரமுகர் ஒருவரை அழைத்து, இன்னின்னதை ஆயத்தம் செய் என்று அவர் கேட்டிருந்தார். இன்று நாம் 24ஆந் திகதி பின்னேரம் கடைக்கு ஓடி, மின்குமிழ் மாலையோடு பிளாஸ்ரிக் குடிலொன்றை வாங்கி வந்து வைக்கிறோம். பிள்ளைக்கு அதில் வேலை ஒன்றுமில்லை, ஆளியைப் போடுவதைத் தவிர.

மரக்குடிலுக்கு ஐப்பசியிலேயே கொப்பு வெட்டுங்கள். பச்சைக் கொப்பு காயும்போது சுருங்கி ஆணி தளரும். மாரி மழை தொடங்கியபின் வெயிலை நம்ப முடியாது. அடுப்புக்கு மேலேயுள்ள பறணிற் போட்டால் காயும். பெருவிரல் தடிப்பான பூவரசங்கொப்பில் 10 அங்குலக் கால்கள் இரண்டும் 8 அங்குலக் கால்கள் இரண்டும் வேண்டும். 18 அங்குல நீளமும் 10 அங்குல அகலமுமுள்ள பலகையில், நீண்ட கால்களை முன்புறமும் குறுகியவற்றைப் பின்புறமும் அடியிலிருந்து ஆணி அறைந்து நிறுத்துங்கள். முன்னிரு கால்களின் தலையிலும் பின்னிரு கால்களின் தலையிலும் 16 அங்குலக் கொப்புகளைக் குறுக்கே வைத்து அடித்தால் பின்னோக்கிச் சரியும் பத்தி ஆகிவிடும். மேலே மெல்லிய தடிகளைப் பரப்பிப் பனையோலையை வைத்துத் தும்புக் கயிற்றாற் கட்டுங்கள். ஓலை வேயும் வேலையை அம்மாவும் அம்மம்மாவும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

தீவனத் தொட்டிக்கு 3 அங்குலக் குச்சிகள் இரண்டிரண்டாய்க் குறுக்கே கட்டி, இரு சோடியையும் நிறுத்தி, இடையில் மெல்லிய சலாகைகளை ஒட்டினால் போதும். ஆட்டுக்குக் கட்டையான கொப்புத் துண்டில் நான்கு ஆணிக் கால்கள். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் மூன்றரை, நான்கு அங்குலக் கொப்புத் துண்டுகளை எடுத்து, மேல்முனையைத் தேய்த்து உருட்டித் துணி போர்த்துங்கள். முகம் வரைவது அவசியமில்லை என்பது எமது எண்ணம்; வரைந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆனால் பிள்ளை வரைவேன் என்று நின்றால் விட்டுவிடுங்கள். சூசையப்பரின் பக்கத்தில் ஒரு சிறு சுத்தியலையும் செய்து வைக்கச் சொல்லுங்கள். லீலி மலர் கோயிலில் இருக்கிறது.

ஆகமன காலத்து மூன்றாம் ஞாயிறன்று உரோமையில் சிறுவர்கள் தங்கள் வீட்டுக் குடில்களுக்கான பாலன் சுரூபங்களைத் திருத்தந்தையிடம் ஆசீர்பெறக் கொண்டுவருவார்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டு நீங்களும் அவ்வாறு செய்யலாம். குடிலையே தூக்கிவந்தாலும் அவர் மறுக்கமாட்டார்.

மூன்றிராசாக்கள் திருநாள் முடிந்து கழற்றும்போது, அடிப்பலகையின் கீழ்ப்புறத்தில் பிள்ளை தன் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதட்டும். ஓலையை எரித்துவிடலாம், வருடாவருடம் புதிது வேயவேண்டும். மரப்பகுதிகளை வேப்பிலைச் சருகோடு பழஞ்சீலையிற் சுற்றி, சுவரோடு முட்டாமல், அலுமாரிக்கு மேலே வையுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான் விடாது.